பிளெண்டர், இன்க்ஸ்கேப் கற்க உருப்படியான காணொளிப் பாடம் எது? பழைய லேப்டாப், ஆங்கிலம் சுமார்

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஊர் தேனி பக்கம். ‘கொக்கும் நண்டும்’ கதையை இரண்டு நிமிட அனிமேஷனாகச் செய்து பார்க்க ஆசை. லேப்டாப் ஐ3, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. கிராக் போட்டு வைரஸை வீட்டுக்குக் கூட்டி வரவும் இஷ்டமில்லை. அதனால் முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், கையால் வரைய கிரிட்டா, லோகோ, போஸ்டர் மாதிரிப் படங்களுக்கு இன்க்ஸ்கேப் என்று மூன்று இலவச மென்பொருள்களை இறக்கி வைத்திருக்கிறேன்.

பாடம் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ‘பிறகு பார்க்க’ பட்டியலில் சேர்த்ததுதான் மிச்சம். ஒருவர் வலது க்ளிக் செய்தால் அவருக்குப் பொருள் தேர்வாகிறது, எனக்கு ஏதோ மெனு விரிகிறது. இன்னொருவர் நம்பர்பேடில் 1, 3, 7 அமுக்கச் சொல்கிறார், என் லேப்டாப்பில் நம்பர்பேடே இல்லை. தமிழில் தேடினால் “வணக்கம் மக்களே, சப்ஸ்கிரைப் பண்ணுங்க” என்று ஆரம்பித்து மூன்றாவது பாகத்தோடு ஆள் காணாமல் போய்விடுகிறார்.

எதில் ஆரம்பிப்பது? தமிழில் முழுசாக ஏதாவது உண்டா?

ரோட்டோ ராசா எழுதியது:

தம்பி, அந்த வலது க்ளிக் விஷயத்திலேயே பாதி விடை இருக்கு. நீ பார்த்தது 2.79 அல்லது அதுக்கும் முந்தைய பதிப்புக்கான பாடம். 2019 ஜூலையில் 2.80 வந்தப்போ பிளெண்டரோட முகத்தையே மாத்திட்டாங்க. தேர்வு இடது க்ளிக்குக்குப் போச்சு, லேயர் போய் கலெக்ஷன் வந்துச்சு, காட்சியை வேகமா படமாக்கித் தர்ற ஈவீ ரெண்டரர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எடுத்த வீடியோ எவ்வளவு நல்லா இருந்தாலும் புதுசா வர்ற ஆளுக்கு வேணாம். வீடியோ எப்போ ஏத்துனதுன்னு முதல்ல பார். அப்புறம் அவர் திரையில எந்தப் பதிப்பு எண் தெரியுதுன்னு பார்.

இன்னொரு வழியும் இருக்கு. பாடம் ரொம்பப் பிடிச்சிருந்தா, அவர் வச்சிருக்கிற அதே பதிப்பை இறக்கிக்கோ. பிளெண்டரோட பழைய பதிப்பு எல்லாமே அவங்க தளத்துல அப்படியே கிடக்கு. ஜிப் கோப்பா எடுத்து ஒரு ஃபோல்டர்ல பிரிச்சா போதும், இன்ஸ்டால் பண்ணவே வேணாம். மூணு பதிப்பு பக்கத்து பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது.

நம்பர்பேடுக்கு: எடிட், பிரெஃபரன்சஸ், இன்புட். அங்கே ‘எமுலேட் நம்பர்பேட்’ன்னு ஒரு பெட்டி இருக்கு, டிக் போடு. மேல் வரிசை எண்கள் நம்பர்பேடா மாறிடும். ஆனா எடிட் மோடுல புள்ளி, விளிம்பு, முகம்னு மாறுறதுக்கு 1, 2, 3 அமுக்குவாங்க பாரு, அது வேலை செய்யாது. அது வேணும்னா பெட்டியைத் தொடாம விட்டுட்டு, எஸ்கேப் கீழ இருக்கிற டில்டே விசையை அமுக்கு. வட்டமா ஒரு மெனு வரும், மேல், முன், பக்கம் எல்லாம் அதுலயே இருக்கு.

பாடத்துல சொல்ற மெனு உன் திரையில காணலைன்னா எஃப்3 அமுக்கி அந்தப் பேரைத் தட்டு. எங்கே ஒளிச்சு வச்சிருந்தாலும் கொண்டு வந்து குடுத்துடும். இந்த ஒண்ணு தெரிஞ்சா பழைய பாடத்துலயும் முக்கால்வாசி ஓட்டிடலாம்.

கலைவாணி டீச்சர் எழுதியது:

தமிழில் முழுசாக வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் உருவானது. இன்க்ஸ்கேப், கிம்ப், பிளெண்டர், சின்ஃபிக் எல்லாவற்றுக்கும் பாட வரிசை வைத்திருக்கிறார்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல ஓடும். திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். எழுத்து வடிவமும் நேரக்குறிப்போடு கூடவே இருக்கிறது. கேள்வி கேட்கும்போது எந்த நிமிடம், எந்த நொடியில் புரியவில்லை என்று குறித்தே கேட்கலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்க்ஸ்கேப்பை இதை வைத்துத்தான் நடத்துகிறேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பிளெண்டர் வரிசை மிகப் பழையது, 2.5 காலத்து முகம். ராசா சொன்ன சிக்கல் அதில் அப்படியே வரும். இன்க்ஸ்கேப் பாடங்களும் 2020-இல் 1.0 வருவதற்கு முந்தியவை. ஆனால் இன்க்ஸ்கேப் அடிப்படையில் அதிகம் மாறவில்லை, அதனால் சமாளிக்கலாம். பேனா கருவி அதே பேனா கருவிதான்.

அதோடு இன்க்ஸ்கேப்புக்குள்ளேயே ஒரு பாடம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உதவி மெனுவில் டுடோரியல்ஸ் என்று இருக்கிறது. திறந்தால் வீடியோவோ வலைப்பக்கமோ வராது, ஒரு வரைபடக் கோப்பு திறக்கும். “இந்தச் சதுரத்தை இழுத்துப் பார்” என்று எழுதியிருக்கும், அந்தச் சதுரம் அங்கேயே இருக்கும். இழுக்கலாம், கெடுக்கலாம், மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் பழையபடி இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கோவை_குமரன் எழுதியது:

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. பிளெண்டர்னா டோனட் செய்யச் சொல்லித் தர்ற பாடம்தான். பிளெண்டர் குரு ஆண்ட்ரூ பிரைஸ் சேனல், புதுப் பதிப்பு வரிசை, முடிஞ்சது கதை. உலகமே அதுலதான் ஆரம்பிச்சிருக்கு. ஆங்கிலம் புரியலைன்னா வேகத்தை 0.75-க்குக் குறைச்சு வசனத்தைப் போட்டுக்கோ.

யாழ்_கீறல் எழுதியது:

டோனட் நல்ல பாடம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அதையும் பதிப்புப் பாத்துத்தான் எடுக்கோணும், அவர் அதைக் கனதரம் திரும்பச் செய்திருக்கிறார். 2.8 காலத்துப் பாடத்தில மேல தூவுற இனிப்புத் துகளை பார்ட்டிக்கிள் முறையில தூவுவார். 3.0-க்குப் பிறகு வந்ததில அதையே ஜியோமெட்ரி நோட்ஸால செய்வார். முதல் பாதியைப் பழசில பாத்து, மிச்சத்தைப் புதுசில பாத்தால் ஒண்டும் விளங்காது.

இன்னொரு விசயம். டோனட் செய்து முடிச்ச ஆக்கள் எத்தினை பேர் அடுத்ததா ஒண்டைச் செய்தவை? என்னட்டைப் படிக்க வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, டோனட் பாடத்தைப் பாருங்கோ, ஆனா உளுந்து வடை செய்யுங்கோ. அதே டோரஸ் எண்ட வளைய வடிவம்தான், ஒரு புள்ளியை இழுத்தால் சுத்தியிருக்கிறதும் சேர்ந்து வாற அதே ப்ரொப்போர்ஷனல் எடிட்டிங்தான். ஆனா ஐசிங் இல்லை, தூவுறதுக்கு ஒண்டும் இல்லை. மேற்பரப்பு மொறுமொறுப்பா வரோணும், அதுக்கு மேற்பரப்பை மேடு பள்ளமாக்கிற டிஸ்ப்ளேஸ் மொடிஃபையரும் நொய்ஸ் டெக்ஸ்சரும் தேவைப்படும். எழும்பி நிக்கிற இடம் கருஞ்சிவப்பு, பள்ளத்தில வெளிர் மஞ்சள், அதைக் கலர் ரேம்ப்பில பிடிக்கோணும். இதெல்லாம் பாடத்தில இல்லை, தேடித்தான் எடுக்கோணும். அப்பத்தான் என்ன சொல்லித் தேடுறதெண்டு பழகும். ஒரு பிள்ளை கறிவேப்பிலைத் துண்டு ஒண்டு வெளியில எட்டிப் பாக்கிற மாதிரிச் செய்திருந்தா, அவவின்ர வடையைப் பாத்து எனக்கே பசி எடுத்திட்டுது.

கோவை_குமரன் எழுதியது:

வடை ஐடியா சூப்பர் அக்கா. சட்னி கிண்ணமும் சேர்த்துக்கலாம், திரவம் சிமுலேஷன் படிச்ச மாதிரி ஆச்சு.

ரோட்டோ ராசா எழுதியது:

ஐ3-ல திரவம் சிமுலேஷனா? லேப்டாப்புல தோசையே சுடலாம்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எஃப்3 பெரிய உதவி, ராசா அண்ணா. ஆனால் எனக்கு வேண்டியது டோனட்டோ வடையோ இல்லையே. கொக்கு பறக்க வேண்டும், நண்டு கழுத்தைப் பிடிக்க வேண்டும். மாடலிங் பாடமே பார்த்துக்கொண்டிருந்தால் அனிமேஷனுக்கு எப்போது வருவது? இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

சிவகாசி_ஆஃப்செட் எழுதியது:

இன்ஸ்டிடியூட் பற்றி என் தம்பி கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒன்றரை லட்சம் கட்டினோம். மாயா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ப்ரீமியர், த்ரீடிஎஸ் மேக்ஸ், இன்னும் என்னென்னவோ பட்டியல். எதிலும் கால் ஊன்றி நிற்கவில்லை. நடத்தியவர் போன பேட்ச்சில் அங்கேயே படித்து முடித்த பையன். வேலைவாய்ப்பு உத்தரவாதம் என்றார்கள், கால்சென்டர் நேர்காணலுக்கு அனுப்பி வைத்தார்கள். கடைசியில் அவனுக்கு வேலை கிடைத்தது எங்கள் அச்சகத்தில்தான், கோரல் டிராவில், அதுவும் என்னிடம் கற்றுக்கொண்டு.

சேர்வதாக இருந்தால் விளம்பரத்தில் இருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள், போன பேட்ச் மாணவர்கள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரோட்டோ ராசா எழுதியது:

அதுல ஒரு விஷயத்தை மட்டும் பிரிச்சுப் பார்க்கணும் அண்ணே. நான் சென்னையில விஎஃப்எக்ஸ் கம்பெனியில ரோட்டோ பண்றேன், அதாவது காட்சியில இருக்கிற ஆளை ஃபிரேம் ஃபிரேமா வெட்டிப் பிரிக்கிற வேலை. நல்ல இன்ஸ்டிடியூட்னு ஒண்ணு இருந்தா அது குடுக்குறது மென்பொருள் பாடம் இல்லை. அது வலையிலயே கிடைக்குது. உன் ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி “இங்கே ஏன் கை நடுங்குது”ன்னு கேக்குற ஒரு ஆள். அதுக்குத்தான் காசு. வீடியோ பாடம் எத்தனை பார்த்தாலும் அது உன் வேலையைத் திருப்பிப் பார்க்காது. அந்த ஆள் ஃபோரத்துல கிடைச்சா காசு மிச்சம், அவ்வளவுதான்.

தம்பி, உன் கேள்விக்கு வர்றேன். மாடலிங்கைத் தள்ளி வை. அனிமேஷன் கத்துக்க மாடல் வேணாம், ஒரு உருண்டை போதும். பந்து குதிக்கிறதைச் செய். டிஸ்னி ஆட்கள் சொன்ன பன்னிரண்டு விதிகள்னு தேடினா எல்லா மொழியிலயும் கிடைக்கும். அதுல நசுங்கல், நேரக் கணக்கு, முன்னசைவு மூணும் பந்துலயே வந்துடும். கான் அகாடமியில ‘பிக்சார் இன் எ பாக்ஸ்’னு ஒரு இலவசப் பாடம் இருக்கு. ஆங்கிலம்தான், ஆனா பந்து பகுதியை நாமளே இழுத்துப் பார்த்துப் புரிஞ்சுக்கலாம்.

பிளெண்டர்ல பந்தை மேல வச்சு ஒரு கீ (அந்த நேரத்துல பந்து இருக்கிற இடத்தைக் குறிச்சு வைக்கிறது), தரையில ஒரு கீ, மறுபடி மேல ஒரு கீ. ஓட்டிப் பார்த்தா பந்து பஞ்சு மெத்தையில விழுந்து எழுந்திரிக்கிற மாதிரி இருக்கும். ஏன்னா பிளெண்டர் தானா எல்லா இடத்துலயும் வேகத்தை மெதுவாக்கி வளைச்சு விடும். நிஜத்துல பந்து உச்சியிலதான் மெதுவாகும், தரையைத் தொடுறப்போ உச்ச வேகத்துல இருக்கும். அசைவை வளைகோடா காட்டுற கிராஃப் எடிட்டரைத் திற. தரையில இருக்கிற கீயை மட்டும் தேர்வு செஞ்சு வி அமுக்கு, ‘வெக்டர்’ எடு. வளைவு அந்த இடத்துல மட்டும் கூர்மையா ஒடியும். இப்ப ஓட்டிப் பார், ரப்பர் பந்து.

இது ஒண்ணைச் செஞ்சு அனுப்பு, அப்புறம் கொக்கைப் பேசலாம்.

யாழ்_கீறல் எழுதியது:

ராசா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். கொக்கைக் கட்டாயம் முப்பரிமாணத்தில செய்யோணுமோ? உங்கட கணினிக்கு இருபரிமாணம் நல்லது. கிரிட்டாவில 2016-இல வந்த 3.0-இல இருந்து அனிமேஷன் இருக்கு. பிளெண்டருக்குள்ளயும் கிரீஸ் பென்சில் இருக்கு, கையால கீறி அசைக்கலாம். எனக்கு கிரிட்டாதான் கைக்கு வரும். வேர்க்ஸ்பேஸ் மெனுவில அனிமேஷன் எண்டு எடுத்தால் டைம்லைன் கீழ வந்திடும். வெங்காயத்தோல், அதுதான் ஒனியன் ஸ்கின், அதைப் போட்டால் முந்தின சட்டமும் (ஃபிரேம்) அடுத்ததும் மங்கலாத் தெரியும். முன்னம் வீடியோவா வெளியில எடுக்கிறதுக்கு எஃப்எஃப்எம்பெக் எண்ட மென்பொருளைத் தனியா இறக்கிச் சேர்க்கவேணும், பழைய பாடங்களில அதுக்கே தனிப் பாகம் போகும். 2023-இல வந்த 5.2-இல இருந்து அது உள்ளயே இருக்கு, அந்தப் பகுதியைத் தாண்டி விடுங்கோ.

பறவை பறக்கிறதுக்குத் தனிப்பாடம் தேடாதேங்கோ. கொக்குப் பறக்கிற வீடியோ ஒண்டை எடுங்கோ, யூடியூபில நிப்பாட்டி வச்சுக்கொண்டு புள்ளி விசையை அமுக்கினால் ஒரு சட்டம் முன்னுக்குப் போகும், காற்புள்ளி அமுக்கினால் ஒரு சட்டம் பின்னுக்கு வரும். செட்டை கீழ அடிக்கேக்க உடம்பு கொஞ்சம் மேல எழும்பும், செட்டை மேல போகேக்க உடம்பு இறங்கும். செட்டையை மேல தூக்கேக்க மடிச்சுத் தூக்கும், கீழ அடிக்கேக்க விரிச்சு அடிக்கும். கழுத்து எஸ் மாதிரி மடிஞ்சிருக்கும், கால் பின்னால நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பாத்துக் கீறினால் எந்த ஆசிரியரும் சொல்லித் தாறதை விடக் கூடப் பழகலாம்.

கோவை_குமரன் எழுதியது:

அக்கா, 3டி-யை அவ்வளவு சுலபமா கைகழுவாதீங்க. 2025-ல சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் வாங்கின லாட்வியா நாட்டுப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டர்ல செஞ்சதுதான். பெரிய ரெண்டர் ஃபார்ம் (ரெண்டர் பண்றதுக்கான கணினிக் கூட்டம்) எதுவும் இல்லாம ஈவீயிலயே ரெண்டர் பண்ணியிருக்காங்க.

ரோட்டோ ராசா எழுதியது:

உண்மைதான். ஆனா அதோட இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் அதுக்கு முன்னாடியே தனி ஆளா ஒரு முழுநீளப் படம் எடுத்தவர், அதுவும் மாயாவுல. பிளெண்டரை இறக்குன மறுநாள் ஆஸ்கர் வரலை. தம்பியோட ஐ3-க்கும் ஈவீதான் சரி, சைக்கிள்ஸ்னு இருக்கிற இன்னொரு ரெண்டரர் பக்கமே போகாதே, ஒரு சட்டத்துக்கு டீ குடிச்சுட்டு வரலாம்.

வேலைக்குப் போறது உன் எண்ணம்னா இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. இங்கே புதுசா வர்ற ஆளைப் பெரும்பாலும் ரோட்டோ, பெயின்ட் (காட்சியில வேண்டாததை அழிக்கிறது), மேட்ச்மூவ்லதான் (கேமரா அசைவைக் கணிக்கிறது) போடுவாங்க. அதுக்கு சில்ஹவுட், நியூக் மாதிரி மென்பொருள் எல்லாம் கேப்பாங்க. நியூக்குக்கு வணிகமல்லாத இலவசப் பதிப்பு இருக்கு, ஹெச்டி அளவு வரைக்கும் வெளியில எடுக்கலாம், பழக அது போதும். மாயா வேணும்னா மாணவர் கணக்குல ஆட்டோடெஸ்க் ஒரு வருஷத்துக்கு இலவசமா தருது, படிக்கிற வரைக்கும் புதுப்பிச்சுக்கலாம். கல்லூரி அடையாள அட்டை கைல இருக்கிறப்பவே வாங்கிக்கோ. கிராக் வச்சுப் படிச்சேன்னு நேர்காணல்ல சொல்ற ஆளும் இருக்காங்க, என்னத்தைச் சொல்ல.

கலைவாணி டீச்சர் எழுதியது:

என் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் கணினியே இல்லை. கைப்பேசியில் ஃபிளிப்பாகிளிப் வைத்துச் சட்டம் சட்டமாக வரைகிறார்கள். பிக்சல்லேப்பில் பிறந்தநாள் போஸ்டர் செய்யாத பையனே இந்த ஊரில் கிடையாது. அதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். லேயர் என்றால் என்ன, எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு இடைவெளி, எந்த நிறம் எதோடு ஒட்டும் என்பதெல்லாம் அதிலேயே பழகிவிடுகிறது. கணினி வந்ததும் போட்டோபீயைத் திறந்து காட்டுகிறேன். உலாவியிலேயே ஓடும், போட்டோஷாப் மாதிரியே முகம், அதனால் போட்டோஷாப் பாடங்களைப் பார்த்து அதில் செய்யலாம். பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை.

வைகைக்கரை எழுதியது:

பந்து செய்துவிட்டேன், இணைத்திருக்கிறேன். வெக்டர் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது. கொக்கை கிரிட்டாவில் வரைய ஆரம்பித்தாயிற்று.

இப்போது புதுச் சிக்கல். தலைப்பு மட்டும் முப்பரிமாணத்தில் சுழன்று வரட்டும் என்று பிளெண்டரில் டெக்ஸ்ட் சேர்த்து நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். ‘கொக்கும் நண்டும்’ என்று ஒட்டினால் கண்றாவியாக வருகிறது. ‘கொ’வில் கொம்பும் காலும் க-வுக்கு இரண்டு பக்கமும் நிற்காமல் பின்னால் போய் நிற்கின்றன. ‘கு’ சேராமல் க தனி, உகரக் குறி தனி. எல்லா ஆங்கிலப் பாடத்திலும் “எழுத்துருவை மாற்று, முடிந்தது” என்கிறார்கள்.

சிவகாசி_ஆஃப்செட் எழுதியது:

ஆங்கிலப் பாடத்தில் இதற்கு விடை இருக்காது தம்பி, அவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. எழுத்துரு மேல் குற்றமில்லை. எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். நான் வைத்திருக்கும் பிளெண்டர் 4.2 அதைச் செய்வதில்லை. இன்க்ஸ்கேப் ஒழுங்காகச் செய்யும். அங்கே அடித்து இங்கே கொண்டு வந்துவிடுங்கள்.

இன்க்ஸ்கேப்பில் தலைப்பை அடித்து எழுத்துருவைக் கொடுங்கள். தலைப்புக்கு நோட்டோ கொஞ்சம் தட்டையாக இருக்கும். கூகுள் எழுத்துருக்களில் பாலூ தம்பி, கவிவனார், அரிமா மதுரை எல்லாம் இலவசம், குழந்தைக் கதைக்குப் பாலூ தம்பி குண்டாக அழகாக இருக்கும். தேர்வு செய்து பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்துவிடுங்கள். இனி அது எழுத்தல்ல, வெறும் கோடு. பிழை திருத்த வேண்டுமானால் அதற்கு முன்பே திருத்திவிட வேண்டும், அசல் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்விஜி-யாகச் சேமித்து பிளெண்டரில் இம்போர்ட் செய்யுங்கள்.

“ஒன்றுமே வரவில்லை” என்று உடனே இங்கே வந்து எழுதாதீர்கள். வந்திருக்கும், எறும்பு சைஸில் நடுவில் கிடக்கும். வலதுபக்க அவுட்லைனரில் (பொருள்களின் பட்டியல்) அதன் கலெக்ஷனைப் பிடித்து எல்லாவற்றையும் தேர்வு செய்து, கன்ட்ரோல் ஜே அடித்து ஒன்றாக்கி, எஸ் அமுக்கிப் பெரிதாக்குங்கள். தரையில் படுத்திருக்கும், ஆர் எக்ஸ் 90 அடித்தால் எழுந்து நிற்கும். பிறகு கர்வ் அமைப்பில் ஜியோமெட்ரிக்குக் கீழே எக்ஸ்ட்ரூட் கொடுத்தால் பருமன் வரும்.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிலும் தமிழ் இப்படி உடைந்தால், பழைய போட்டோஷாப் பதிப்புகளில் பிரெஃபரன்சஸில் டைப் பகுதியில் டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். பிறகு வந்த சில பதிப்புகளில் அதற்கு ‘வேர்ல்ட் ரெடி’ என்று பெயர். இது தெரியாமல்தான் இன்னும் பல கடைகளில் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

ரோட்டோ ராசா எழுதியது:

பந்தைப் பார்த்தேன் தம்பி. ஒவ்வொரு குதிப்புலயும் உயரம் குறையுது, நல்லது. ஆனா எல்லாக் குதிப்புக்கும் ஒரே எண்ணிக்கை சட்டம் குடுத்திருக்கே. உயரம் குறைஞ்சா நேரமும் குறையணும், கடைசிக் குதிப்பு டக் டக்குன்னு முடியணும். இப்ப கடைசியில பந்து நிலாவுல குதிக்கிற மாதிரி மிதக்குது. அப்புறம் தரையில நிக்கிறப்போ நசுங்குதே, அந்த அளவுக்குப் பக்கவாட்டுல விரியலை. பந்தோட பருமன் மாறக் கூடாது, உயரத்துல குறைச்சதை அகலத்துல குடு. நசுங்கல் ஒரு சட்டம் இருந்தா போதும், நீ நாலு சட்டம் வச்சிருக்கே, அதனாலதான் மாவு உருண்டை மாதிரி தெரியுது. சரிபண்ணி கிராஃப் எடிட்டரையும் சேர்த்துப் படம் பிடிச்சுப் போடு, வளைவைப் பார்த்தாத்தான் எங்கே தப்புன்னு சொல்ல முடியும்.

பொன்னி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிவகாசி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. இன்க்ஸ்கேப் பாடங்களைப் பார்த்து எங்கள் ஊர்க் கோயில் திருவிழா அழைப்பிதழ் செய்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. அச்சடித்து வந்ததில் சின்ன எழுத்தெல்லாம் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்த மாதிரி இருக்கிறது. அச்சகத்தில் கேட்டால் “உங்க ஃபைல்தாம்மா சரியில்ல” என்கிறார்கள். எந்தப் பாடத்திலும் இதைப் பற்றிச் சொல்லவில்லையே?

சிவகாசி_ஆஃப்செட் எழுதியது:

சொல்ல மாட்டார்கள் அம்மா. யூடியூபில் இன்க்ஸ்கேப் கற்றுக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் திரைக்காகச் செய்பவர்கள், அச்சுப் பிளேட்டையே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்க்ஸ்கேப் கோப்பை ஆர்ஜிபி-யில்தான், அதாவது திரைக்கான நிற முறையில்தான், வெளியே தரும். ஆஃப்செட் அச்சுக்கு நான்கு மை முறையான சிஎம்ஒய்கே வேண்டும். உங்கள் கறுப்பு எழுத்தை மாற்றும்போது அது வெறும் கறுப்பு மையாக நிற்காமல் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் கலந்த கறுப்பாகிவிடுகிறது. நான்கு பிளேட்டும் மயிரிழை விலகாமல் உட்கார்ந்தால் தெரியாது. கொஞ்சம் ரெஜிஸ்டர் (பிளேட்டுகளின் பொருத்தம்) விலகினாலும் பெரிய எழுத்தில் கண்ணுக்குப் படாது, எட்டு பாயின்ட் எழுத்தில் நீங்கள் சொன்ன கசிவு வந்துவிடும். அச்சகத்திலும் பிளேட் போடும் முன் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அது வேறு கதை.

படம், அலங்காரம் எல்லாம் இன்க்ஸ்கேப்பிலேயே இருக்கட்டும். எழுத்தை மட்டும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போடுங்கள். அதுவும் இலவசம், சிஎம்ஒய்கே தெரிந்தது. 1.6 பதிப்பே வேண்டும், பழைய 1.4-இல் தமிழ் உடையும். எழுத்து நிறத்தை மற்ற மூன்றும் சைபர், கறுப்பு மட்டும் நூறு என்று வையுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது பிரின்டர் என்பதைத் தேர்வு செய்யுங்கள், திரைக்கானது என்று இருந்தால் மறுபடி ஆர்ஜிபி ஆகிவிடும். நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் உபரி ஓரம்) விடுங்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2025 அக்டோபரில் கான்வா இலவசமாக்கிவிட்டது, அதிலும் சிஎம்ஒய்கே உண்டு. ஆனால் தமிழில் ஒரு வரி அடித்து, கொ, கூ, ஸ்ரீ மூன்றும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே அதில் இறங்குங்கள்.

அழைப்பிதழைத் திரும்ப அடிப்பதாக இருந்தால் பிடிஎஃப்-ஐ இங்கே போடுங்கள், பிளேட்டுக்குப் போகும் முன் நான் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன். கும்பாபிஷேக சீசன், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வருவேன்.